சத்தமில்லாத முக்கால் மணி நேரம்

சிட்லபாக்கம்
5.7.1987

அன்புள்ள தம்பி கங்காதரனுக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீயும் சுசீலாவும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மகள் எழில் என்னிடம் வந்து ஒரு மாதமாகிறது. பத்தாம் வகுப்புப் பாடங்கள் தொடங்கிவிட்டன. எங்கள் ஏரிக்கரைக் கொசு மட்டும் அவளுக்கு இன்னும் பழகவில்லை.

மாலையில் மூன்று மணி நேரமாவது உட்காரவை என்று எழுதியிருந்தாய். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவ்வளவு நேரம் உட்காரும் பிள்ளை பாதி நேரம் தூங்குகிறது. கல்லூரியில் தினமும் பார்க்கிறேன். நான் வீடு திரும்பியதும் ஆறரைக்குத் தொடங்கி முக்கால் மணி நேரம் போதும். ஒரு சிறு பகுதியைப் படிக்க வேண்டும், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுத வேண்டும், விட்டுப்போனதை மட்டும் திரும்பப் பார்க்க வேண்டும். மறுநாள் புதுப் பாடத்துக்கு முன் பழையதில் ஒரு கேள்வி.

துணைக்கு எதிர்வீட்டு செல்வமேரி வருகிறாள், அதே வகுப்பு. இருவரும் போட்டி போட்டுக்கொண்டு சத்தமாகப் படிக்கிறார்கள். தெருவுக்குப் பாடம் ஏறிவிட்டது, இவர்களுக்கு ஏறியதா என்பதுதான் சந்தேகம். இனிமேல் வாயை மூடிக்கொண்டு படிக்கச் சொல்லப்போகிறேன்.

என் மகன் கருணாகரன் கோவை விடுதிக்குத் திரும்பிவிட்டான். இது அவனுக்குக் கடைசி வருடம்.

அன்புடன்,
அக்கா குமுதவல்லி

*

மஸ்கட்
26.7.1987

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எழில் உன் கையில் இருக்கிறாள் என்ற நிம்மதியில்தான் நாங்கள் இருக்கிறோம்.

நீ படித்தவள், உன் முறை சரியாகத்தான் இருக்கும். ஆனால் சத்தமாகப் படிப்பதை மட்டும் நிறுத்தாதே. அவளுக்குக் காதில் விழுந்தால்தான் மனதில் நிற்கும். சுசீலாவும் இதையே எழுதச் சொன்னாள். பொழுது சாய்ந்த பிறகு அவளைக் கடைகண்ணிக்கு அனுப்பாதே, புது ஊர்.

கருணாகரன் பூஜை விடுமுறைக்கு வருவானா? வந்தால் எழிலுக்குக் கணக்குச் சொல்லித்தரட்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பழக வேண்டாமா?

உன் தம்பி,
கங்காதரன்

*

சிட்லபாக்கம்
30.8.1987

அன்புள்ள தம்பிக்கு,

முறை பலன் தருகிறது, ஆனால் நம் பெண்ணுக்கு இல்லை. செல்வமேரி இரண்டு பாடங்களில் முன்னேறிவிட்டாள். முதல் நாள், "இன்னா மிஸ், வாயே தொறக்கக் கூடாதா? ஊமப் பள்ளிக்கூடம் நடத்துறீங்களா?" என்று கேட்டவள் இப்போது தானாகவே புத்தகத்தை மூடுகிறாள்.

எழில் பகலில் கேட்டால் நன்றாகச் சொல்கிறாள். மாலையில் எழுதச் சொன்னால் வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. சில நாள் வெறும் தாள். அலட்சியம் என்று நினைத்து நேற்றுக் கடிந்துகொண்டேன். அழாமல் தாளை மடித்து வைத்துவிட்டாள். நீதான் செல்லம் கொடுத்துவிட்டாய்.

அன்புடன்,
அக்கா

*

சிட்லபாக்கம்
18.9.1987

கங்காதரனுக்கு,

இதை எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை மின்சாரம் குறைந்து விளக்கு மஞ்சளாக எரிந்தது. செல்வமேரிக்கு வரலாறு, எழிலுக்கு அறிவியல். செல்வமேரி பக்கம் திருப்பும்போதெல்லாம் எழிலும் திருப்பினாள். வேறு புத்தகம், வேறு பாடம். ஆனால் ஒரு முறைகூடத் தவறாமல் அந்தச் சத்தத்துக்குத் திருப்பினாள். அருகில் போய், எந்த வரியில் இருக்கிறாய் என்று கேட்டேன். விரலை வைத்தாள். அந்த இடத்தில் எழுத்தே இல்லை, படம் இருந்தது.

"அவ ரேடியோ மிஸ்," என்றாள் செல்வமேரி. "நான் சத்தமா படிச்சா அப்டியே புடிச்சிக்குவா. புக்கு சும்மா ஷோவுக்கு." சிரித்துக்கொண்டே சொன்னவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

மாலைக்கண், கீரை போதாது என்று நினைத்தேன். மறுநாளே பட்டணத்தில் ஒரு கண் டாக்டரிடம் காட்டினேன். பரிசோதித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்பா அம்மா சொந்தமா?" எங்கள் மாமன் மகளைத்தான் தம்பி கட்டியிருக்கிறான் என்றேன். பரம்பரைக் கோளாறாம். இப்போது இருட்டில் தெரியாது. போகப்போகப் பகலிலும் பார்வை சுருங்குமாம். மருந்து இல்லை.

இதை உனக்கு எப்படிச் சொல்லப்போகிறேன் என்று மின்சார ரயிலில் அழுதுகொண்டு வந்தேன். எழில் என் கையைப் பிடித்தாள்.

"அப்பாவுக்குத் தெரியும் அத்தை. அங்க டாக்டர் இதையேதான் சொன்னாரு. அத்தைக்கு மட்டும் தெரியவே கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கினாங்க."

தாம்பரத்தில் எப்படி இறங்கினேன், வீட்டுக்கு எப்படி வந்தேன் என்பது நினைவில்லை. வெளிச்சம் போதாத ஒரு குழந்தையிடமிருந்து சத்தத்தையும் பிடுங்கிவைத்திருக்கிறேன். நீ தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு வரி எழுத உனக்கு என்ன தடை? ஊரில் யாருக்கும் வேண்டாம், எனக்கு மட்டும் ஏன் தெரியக் கூடாது?

குமுதவல்லி

*

மஸ்கட்
7.10.1987

அன்புள்ள அக்காவுக்கு,

உன் காலில் விழுந்து எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்.

விஷயம் வெளியே தெரிந்தால் அவளை யார் கட்டுவார்கள்? உன் மகன் முறைப்பையன், நல்லவன். ஒரே வீட்டில் பழகினால் பிள்ளைகளுக்குத் தானாகவே பிடித்துப்போகும், பிடித்த பிறகு நீ தட்டமாட்டாய் என்று சுசீலா சொன்னாள். அதனால்தான் உன்னிடம் விட்டோம். முன்பே சொன்னால், கல்லூரியில் நீ நடத்தும் தாவரவியல், பரம்பரை என்று நீ மறுத்துவிடுவாய் என்று பயந்தோம்.

பெற்றவர்களுக்கு வேறு வழி என்ன அக்கா? கருணாகரனிடமும் எழிலிடமும் இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதே. பரீட்சை முடியட்டும். நான் நேரில் வந்து பேசுகிறேன்.

உன் தம்பி,
கங்காதரன்

*

சிட்லபாக்கம்
25.10.1987

கங்காதரனுக்கு,

உன் கடிதம் வந்தது. என் வீட்டுக்குள் இப்படி ஒரு கணக்கு நடந்துகொண்டிருந்ததை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. கருணாகரனுக்கு எழுதிவிட்டேன். இந்தக் கல்யாணம் நடக்காது. மாமன் மகள், அத்தை மகன் என்று இந்தக் குடும்பம் கட்டிக்கொண்டது போதும்.

அதற்காக எழிலை அனுப்பிவிடுவேன் என்று நினைக்காதே. அவள் இங்கேதான் படிப்பாள். மேசைக்குப் பக்கத்திலேயே பெரிய விளக்குப் போட்டிருக்கிறேன். முக்கால் மணி நேரம் அப்படியே இருக்கிறது, ஆனால் இப்போது சத்தத்தோடு. செல்வமேரி வாசிக்கிறாள். எழில் கேட்டுவிட்டு எழுதாமல் வாயால் சொல்கிறாள். தப்பினால் "ரேடியோ ரிப்பேர்" என்று மற்றவள் கத்துகிறாள். அடுத்த கேள்வியில் இவள் அவளை மடக்குகிறாள். மனப்பாடத்தை நான் மட்டமாக நினைத்தவள். இந்தப் பெண் பொருள் புரிந்து சொல்கிறாள்.

நீ மறைக்கச் சொன்னதை அவளிடம் சொல்லிவிட்டேன். கண்ணைப் பற்றி அவளுக்கு முன்பே தெரியும். கல்யாண விஷயம்தான் தெரியாது. கேட்டுக்கொண்டே புத்தகங்களை அடுக்கி வைத்தாள். பிறகு கேட்டாள்:

"அப்போ நான் படிக்கணும்னு என்னை அனுப்பலையா அத்தை?"

அது என்னிடம் கேட்க வேண்டிய கேள்வி இல்லை.

நீ இனி எனக்கு எழுத வேண்டாம். பதிலை அவள் பெயருக்கு எழுது. இங்கே தபால்காரர் பகலில்தான் வருகிறார். அவளே படித்துக்கொள்வாள்.

குமுதவல்லி