கோதண்டபாணி பெயர் எழுதிய சீட்டு

அபிராமபுரம்,
செவ்வாய்க்கிழமை இரவு.

அன்புள்ள பிரியா அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே அக்கா. உன் அறைத் தோழியிடம்கூட வேண்டாம். அம்மாவிடம் பேசும்போது வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதே, படித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடு, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நாங்கள் மூன்று பேரும் காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லாமல் இருக்கிறோம், அந்த அளவுக்கு நலம்தான். தார்வாட் குளிரில் உன்னைப் பிடித்த இருமல் விட்டதா என்று அம்மா தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, நீ சொன்னபடி இரவில் சோற்றை நிறுத்திவிட்டு வரகுக் கஞ்சி குடிக்கிறாள், ஊறுகாயை மட்டும் விட மாட்டேன் என்கிறாள். எனக்குப் பொதுத்தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. கணக்குப் படிப்பதாகச் சொல்லித்தான் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது அப்பா போனை ஒலிபெருக்கியில் போட்டு நடுவில் வைத்துவிடுகிறார், அங்கே எதையும் சொல்ல முடியவில்லை. கீரை எப்படிப் போகிறது என்று நீ கேட்கும் ஒவ்வொரு முறையும் அப்பா நல்லா போகுதும்மா என்கிறார், நானும் அம்மாவும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நீ படிக்கப் போகும்போது என்னிடம் ஒப்படைத்த வேலை சீட்டு எழுதுவதுதானே. பழுப்பு அட்டையைச் சின்னச் சின்னதாக வெட்டி, கீரையின் பெயர், பறித்த நாள், கீழே விளைவித்தவர் கோதண்டபாணி, உத்திரமேரூர் பக்கம் என்று எழுதி ஒவ்வொரு கட்டிலும் செருகுவது. மளிகைக் கடையில் ஒரு ஓரமாக நீ அந்தக் கீரைத் தட்டைத் தொடங்கியபோது அப்பா சிரித்தார், பிறகு அந்தச் சீட்டைப் பார்த்து, மருந்தடிக்காத கீரை என்று நம்பித்தான் மந்தைவெளியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தினமும் பள்ளி விட்டு வந்து நாற்பது சீட்டு எழுதுகிறேன். இப்போது எழுதும் சீட்டில் உள்ள எதுவும் உண்மை இல்லை அக்கா. நவம்பர் மழைக்குப் பிறகு கோதண்டபாணி மாமா ஒரு கட்டுக் கீரைகூட அனுப்பவில்லை. அப்பா விடியற்காலையில் வண்டி எடுத்துக்கொண்டு போய் மொத்த மார்க்கெட்டில் வாங்கி வருகிறார். அங்கே கட்டுகளில் ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறது. அப்பா அதையெல்லாம் கழற்றிவிட்டு, மாமா கட்டுகிற மாதிரியே வாழைநாரால் கட்டி வைக்கிறார். முதல் நாள் அதைப் பார்த்து நான் கேட்டேன். வெள்ளம் வடியற வரைக்கும்தான்ட்டி, ரெண்டு வாரம், தட்டு காலியா கெடந்தா வர்றவங்க வேற கடையப் பாத்துருவாங்க என்றார். அப்போது அது சரி என்றுதான் எனக்கும் பட்டது. ரெண்டு வாரத்துக்கு என்று நினைத்துத்தான் பெயரை எழுதினேன். இப்போது தை பாதி போய்விட்டது.

அப்பா செய்யும் ஒரு காரியம் உனக்குத் தெரியும். யாராவது சந்தேகமாகக் கேட்டால் கட்டிலிருந்து ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டே, மருந்தடிச்ச கீரைய நான் திம்பேனா, நீங்களே சொல்லுங்க என்பார். நீ இருக்கும்போது அப்படியே விழுங்கிவிட்டு அடுத்த ஆளுக்குப் பருப்பு நிறுக்கப் போய்விடுவார். இப்போதும் அதே மாதிரி கிள்ளி மெல்கிறார். ஆள் போனதும் பின்பக்கக் குழாய்க்குப் போய்த் துப்பிவிட்டு மூன்று தடவை வாய் கொப்பளிக்கிறார். அதைப் பார்த்த நாளிலிருந்துதான் எனக்குப் பயம் வந்தது. ஏனென்றால் அப்பாவுக்கே பயம் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை கோதண்டபாணி மாமா கடைக்கு வந்தார். அப்பா வங்கிக்குப் போயிருந்தார், நான்தான் நின்றேன். மழையில் ஏரி உடைந்து பக்கத்து நிலத்துத் தண்ணீரெல்லாம் அவர் வயலுக்குள் வந்து ஒரு வாரம் நின்றதாம். அந்த நிலத்துக்காரர் அதற்கு இரண்டு நாள் முன்புதான் பூச்சிமருந்து அடித்து உரம் போட்டிருந்தாராம். அதனால் இந்தப் போகம் முழுக்க மாமா எதுவும் விற்கப் போவதில்லை, தக்கைப்பூண்டு விதைத்து அதை அப்படியே பசுந்தாள் உரமாக மடக்கி உழப் போகிறார், மண் தெளிந்த பிறகுதான் கீரை என்றார். இதை அப்பாவிடம் அப்போதே போனில் சொல்லிவிட்டாராம். எங்கேயும் சலித்துக்கொள்ளவில்லை, யாருக்கோ உடம்பு சரியில்லாததைச் சொல்வது மாதிரி சொன்னார். சொல்லிக்கொண்டே தட்டைப் பார்த்தவர் ஒரு கட்டை எடுத்துச் சீட்டைப் படித்தார். இன்னா பாப்பா இது, நான் இன்னும் வெதையே போடல, எம்பேர்ல கீரை வந்துகினு கீதே என்றார். கையெழுத்து நல்லாத்தான் கீது, யாருது, உன்னுதா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பெரிய பொண்ணு போன் பண்ணா நான் கேட்டேன்னு சொல்லு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாமா வந்ததை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அன்று இரவு அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா அழுதாள், ஆனால் பிரியாவுக்குத் தெரிய வேண்டாம், படிக்கிற புள்ள மனசு கெட்டுப்போகும் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது மீறிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் இதை எழுத வைத்தது மாமா வந்தது இல்லை, ரூஹியின் அம்மா. என் வகுப்பு ரூஹியை உனக்கு நினைவிருக்கும், அடுத்த தெருவில் இரண்டாவது மாடி, அவள் அம்மா உம்மே ஹானி ஆன்ட்டி. புரட்டாசியில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் இருந்தார், ஆள் பாதியாகிவிட்டார். வந்ததிலிருந்து தினமும் நம் கடைக் கரிசலாங்கண்ணியைப் பச்சையாக அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் குடிக்கிறார். வேறு எங்கேயும் வாங்க மாட்டார், மருந்தடிச்சது வயித்துக்குள்ள போச்சுன்னா என் ஈரல் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, அதான் அண்ணாச்சி கடைய விட்டா எனக்கு வேற கெதி இல்ல என்பார். லேசா அலசினா போதும், ரொம்பக் கழுவினா சத்துப் போயிரும் என்று மாமாவின் கீரை வந்த காலத்தில் அப்பாதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். இன்னும் அதையே செய்கிறார். நேற்றுப் பள்ளியில் ரூஹி சாப்பிடவே இல்லை. மூன்று நாளாக அம்மாவுக்கு வாந்தியும் வயிற்றுவலியும், மறுபடியும் காமாலையாக இருக்குமோ என்று ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம் என்றாள். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டு, உங்க கடைக் கீரை மட்டும்தாண்டி அம்மாவுக்கு உள்ள போகுது என்றாள். அது கீரையால்தானா என்று எனக்குத் தெரியாது அக்கா. இல்லாமலும் இருக்கலாம். ஆனால் என் கையால் பெயர் எழுதிய கட்டை நம்பி அவர் குடிக்கிறார் என்பது தெரியும். அதைக் கேட்டுக்கொண்டே நான் தயிர்சாதம் சாப்பிட்டேன்.

வாய்விட்டுச் சொல்ல தைரியம் இல்லாததால் இன்று ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஆன்ட்டிக்கு என்று எடுத்து வைத்த கட்டின் சீட்டில், அடியில் சின்ன எழுத்தில், பச்சையாக அரைக்க வேண்டாம், நன்றாகக் கழுவி வேகவைத்துச் சாப்பிடவும் என்று எழுதிவிட்டேன். வீட்டுக்குப் போய்ப் படிப்பார் என்று நினைத்தேன். அவர் கடையிலேயே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். இன்னா அண்ணாச்சி, ஒரு நாளைக்கு ஒண்ணு சொல்றீங்க, கழுவாதன்னீங்க, இப்ப கழுவு வேகவைன்னு போட்டிருக்கீங்களே, நான் எதைக் கேக்கறது என்று சிரித்தார். பக்கத்தில் எண்ணெய் வாங்க நின்ற பிரபு அண்ணன், ஆன்ட்டி, அண்ணாச்சி கீரைக்கே டாக்டர் சீட்டு எழுத ஆரம்பிச்சுட்டாரு என்று கிண்டல் செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சீட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பரிச்சை டென்ஷன்ல புள்ள என்னமோ கிறுக்கி வச்சிருக்கா, நீங்க எப்பவும்போல அரைங்கம்மா என்றார். சொல்லிவிட்டு அந்தக் கட்டிலிருந்து ஒன்றில்லை, நான்கைந்து இலை கிள்ளி வாயில் போட்டு மென்றார். ஆன்ட்டி கட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அப்பா குழாய்ப் பக்கம் போவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். போகவில்லை. என் முகத்தைப் பார்த்தபடியே விழுங்கினார். அதற்குப் பிறகு இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடித்திருந்தால் அழுதுவிட்டுத் தூங்கியிருப்பேன்.

நாளை விடிந்ததும் அந்தக் கட்டு அரைபடும். அதனால் நான் ஒரு முடிவு செய்திருக்கிறேன். அப்பா மார்க்கெட்டுக்குக் கிளம்பியதும் நான் ரூஹி வீட்டுக்குப் போய் ஆன்ட்டியிடம் சொல்லிவிடப் போகிறேன். கீரை கோதண்டபாணி மாமாவுடையது இல்லை, பெயர் எழுதியது நான், டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்வேன். அப்பாவைப் பற்றி அவரே கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். அதன் பிறகு ரூஹி என்னோடு பேசுவாளா தெரியாது, தெருவில் நம் கடையைப் பற்றி என்ன பேசுவார்கள் என்பதும் தெரியாது. அப்பா கெட்டவர் இல்லை அக்கா, உனக்கு அது தெரியும். உன் தட்டு காலியாகக் கிடக்கக் கூடாது என்று தொடங்கி, நிறுத்த முடியாமல் மாட்டிக்கொண்டார். கீரை இல்லை, மண்ணுக்கு உடம்பு சரியில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அன்றைக்கே ஒரு பலகையில் எழுதி வைத்திருந்தால் பாதிப் பேர் காத்திருப்பார்கள் என்றுதான் எனக்கு இப்போது தோன்றுகிறது. அந்தப் பலகையை எழுதச் சொன்னாலும் நான்தானே எழுதியிருப்பேன். இந்தக் கடிதம் விரைவு அஞ்சலில் வெள்ளிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். அதற்குள் இங்கே எல்லாம் உடைந்திருக்கும். நீ அப்பாவிடம் கோபமாகப் பேசாதே, முதலில் சாப்பிட்டாரா என்று கேள், பிறகு மற்றதைக் கேள். கோதண்டபாணி மாமாவிடமும் பேசு, நம் சார்பில் நீதான் மன்னிப்புக் கேட்க வேண்டும், என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியாது. என்னைக் கைவிட்டுவிடாதே.

விடுதிச் சாப்பாடு எப்படி இருந்தாலும் காலையில் வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போகாதே, அம்மா சொல்லச் சொன்னாள். இருமலுக்கு வெந்நீர் குடி. மறக்காமல் இதைக் கிழி

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். மறுபடியும் மெதுவாகத் தட்டுகிறார். ஏட்டி சொர்ணா, ரூஹி அம்மா காலம்பற எத்தன மணிக்கு எந்திப்பாங்க, தெரியுமாட்டி என்று கேட்கிறார் அக்கா, நான் எழுந்து