காரில் கிடந்த யுகுலேலே

கவிகா,

சோறு குக்கரில், மீன் அடுப்பின்மேல். உன் நாலு கம்பி யுகுலேலேயைக் காரிலிருந்து எடுத்துக் கூடத்தில் வைத்திருக்கிறேன். மூடிய காரின் சூட்டில் அதன் மரத்தை ஒட்டிய பசை விட்டுவிடும்.

"நீ வாசிச்சா பூனைகூட ஓடுது" என்று நான் சொன்ன நாளிலிருந்து ஹீலோ கடற்கரையில் காருக்குள் உட்கார்ந்து பழகுகிறாய். நேற்று காரின் பின்னால் நின்று கேட்டேன்.

உன் அண்ணன் கலானி போன் செய்தார். "என் பொண்ணோட முதல் பிறந்தநாளுக்குத் தம்பி வாசிப்பானா, இல்ல பன்னிக்கறி திங்க மட்டும் வருவானா?" என்றார். நீ வாசிப்பாய், நான் பாடுவேன் என்று சொல்லிவிட்டேன். இனி வீட்டிலேயே பழகு.

நோஹியா

இன்னொன்று: கம்பியில் மூன்றாவது பிடிக்கு மாறும்போது உன் விரல் தாமதிக்கிறது. அந்த இடத்தில் நான் குரலை நீட்டிப் பாடிவிடுகிறேன். யாருக்கும் தெரியாது.