வசந்தா இன்னும் வரவில்லை

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. கூரைத் தகரத்தில் ஒரே சத்தம். முழங்கால் வலி. சீனி முடிந்தது.

மருமகள் கௌசல்யாவுக்குக் கொழும்புக் கம்பெனி வேலை போனது போனதுதான். இப்போது சொந்தமாக ஒன்று பிடித்திருக்கிறாள். நுவரெலியாவில் ஒரு முதலாளி. ஹட்டனிலிருந்து ராகலை வரை ஆள் ஏற்றும் வேன்கள் அவருக்கு. எந்த வேனில் யார், எங்கே ஏறுவார், எப்போது கிளம்பும், எல்லாம் போனில் வர வேண்டுமாம். போனில் தெரிகிற முன்பக்கத்தை வேறு யாரோ செய்கிறார்கள். இவள் செய்வது பின்பக்கம், கண்ணுக்குத் தெரியாதது. ஏபிஐ என்று பேர்.

"முன்னாலருந்து கேள்வி வரும் மாமி. பின்னாலருந்து பதில் போகணும்."

"ஒங்க மாமாவும் நானும் மாதிரி. அவரு வாசல்லருந்து கத்துவாரு, நான் அடுப்படியிலருந்து பதில் சொல்லுவேன்."

சிரித்தாள். இன்றைக்கு அது போதும்.

வெள்ளிக்கிழமை முதலாளிக்குக் காட்ட வேண்டும். பிடித்தால் தொடர்ந்து வேலை, வீட்டிலிருந்தே. இல்லாவிட்டால் கொழும்பு. மகன் சுதா அங்கே அறை பார்த்து வைத்திருக்கிறான். என்னையும் வரச் சொல்கிறார்கள். அங்கே எனக்கு என்ன வேலை? வியர்ப்பதா?

ஜூலை 9, புதன்

மழை விடவில்லை. பருப்பு, கருவாடு. பூனை மறுபடியும் கௌ. மேசையில்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வேலை என்று ஒன்றும் கண்ணில் படவில்லை. வாயால் தமிழில் சொல்கிறாள், கணினி எழுதிக்கொள்கிறது. வேன் என்றால் என்ன, ஆசனம் எத்தனை, யார் எதைப் பார்க்கலாம், எது நடக்கலாம், எது நடக்கவே கூடாது. எப்படிச் செய்வது என்று ஒரு வார்த்தை இல்லை. அதை ஏஐ பார்த்துக்கொள்ளுமாம்.

தேயிலை மலையில் நான் கொழுந்தெடுத்த காலத்தில் மேட்டில் நின்று எங்களை வேலை வாங்கிய கண்டாக்கு ஐயா ஞாபகம்.

"அப்ப நீ கண்டாக்கு. அது பாவம், மலையில கொழுந்தெடுக்குது."

"அதுக்குக் களைப்பே வராது மாமி."

"ஏசுவியா?"

"சில நேரம்."

"அப்ப கண்டாக்கேதான்."

பின்னேரம் மழை கொஞ்சம் விட்டு, திரும்பப் பிடித்தது. "ஐயோ, துணி!" என்று ஓடினாள். "மாமி, அது கேட்டுக்கிட்டே இருக்கு. ஒண்ணையும் தொட்டுறாதீங்க!"

தொடவில்லை. பேசாதே என்று சொல்லவில்லையே.

திரையில் ஒரு கோடு மினுக்கு மினுக்கென்று. எதிரே ஓர் ஆள் காத்திருப்பதுபோல. சும்மா இருக்க முடியுமா? "இந்தா, ஒனக்கு வேல தெரியுமா? சொல்றேன் கேட்டுக்க. எறங்கினா எல்லாரும் ஒண்ணாத்தான் எறங்கணும். ஒருத்தரையும் விட்டுட்டு வரக்கூடாது. வசந்தா வர்ற வரைக்கும் யாரும் அசையக்கூடாது" என்றேன். மரியாதையான பிள்ளை. குறுக்கே பேசவில்லை.

வசந்தா. எந்தக் காலத்துப் பேர்! எப்படி வாயில் வந்தது?

உச்சி நிரையில் ஓர் ஆளைத் தனியாக விட மாட்டோம். குளவி கொட்டினால் யார் தூக்குவது? கொழுந்து நிறுக்க மடுவத்துக்கு இறங்கும்போது கடைசி ஆள் வரும்வரை கூடையோடு நிற்போம். கடைசி ஆள் எப்போதும் வ.தான். பாட்டும் தானுமாக, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நழுவ, ஆடி ஆடி வருவாள். நாங்கள் ஏச ஏசச் சிரிப்பாள். மழை என்றால் ஒரே கம்பளிக்குள் இரண்டு தலை. அவள் ரொட்டியில் பாதி எனக்கு. என் சம்பலில் பாதிக்கு மேல் அவளுக்கு, கள்ளி.

கல்யாணம் கட்டிக்கொண்டு ராகலைப் பக்கம் போனாள். "வந்துருவேன்டி" என்றாள். வரவில்லை. நானும் போகவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. பஸ் மாறி மாறிப் போக வேண்டும், அவ்வளவுதான்.

ஜூலை 10, வியாழன்

இடி. கரண்ட் இல்லை. கௌ. நாலைந்து கேள்வி கேட்டுப் பார்ப்பதற்குள் கணினியும் படுத்துவிட்டது. பதில் எல்லாம் சரியாம். வேனைக் கிளப்பிப் பார்க்க நேரமில்லை.

ஜூலை 11, வெள்ளி

வெயில்! கம்பளி காயப்போட்டேன்.

முதலாளி திரையில் வந்தார். கௌ. மேலே நல்ல சட்டை, கீழே வீட்டுப் பாவாடை. நான் கதவுக்குப் பின்னால். பயணி பேர் பதிந்தது. ஆசனம் கிடைத்தது. "ஹரி" என்றார் சிங்களத்தில், சரி என்று. வேனைக் கிளப்பச் சொன்னார்.

கிளம்பவில்லை. மறுபடி அழுத்தினாள். கிளம்பவில்லை. ஓர் எழுத்து வரி மட்டும் வந்தது. குரல் இறங்கிக்கொண்டே போக வாசித்தாள்.

"வசந்தா இன்னும் வரவில்லை."

"வசந்தா கவுத?" என்றார் முதலாளி. யார் அந்த வசந்தா?

கௌ.வுக்குத் தெரியாது. கதவுக்குப் பின்னால் நின்றவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை திருப்பிக் காட்டச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். முகம் நன்றாக இல்லை.

"கௌசி, அது நான்தான்."

"என்னது நீங்க?"

"வசந்தாவக் கூப்பிட்டது."

எழுதியதைத் தேடினாள். வேன் சட்டங்களுக்கு நடுவே என் பேச்சு, ஒரு சொல் குறையாமல்.

"இதையும் சட்டம்னு எடுத்துக் கட்டிருச்சு மாமி."

"நான் சொன்னா இந்த வீட்டுல யாரு கேக்குறா? அது கேட்டிருக்கு பாரு."

சொல்லியிருக்கக் கூடாது. அழுதுவிட்டாள். "வாசிக்காமக் குடுத்தது நானு" என்று தன்னையே ஏசிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து சுதாவின் போன். அறையை எடுத்துவிடவா என்று.

"திங்கள் வரைக்கும் பொறுங்க."

சோறு யாருக்கும் இறங்கவில்லை. பூனைக்கு மட்டும் இறங்கியது.

ஜூலை 12, சனி

மூடுபனி. கீழே நீர்த்தேக்கம் இருக்கிற இடமே தெரியவில்லை.

தேத்தண்ணி கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கேட்டாள். "யாரு மாமி அந்த வசந்தா?"

சொன்னேன். கம்பளி, ரொட்டி, பாட்டு எல்லாம். இந்த முறை கணினி மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

பிறகு அழித்தாள். பேர் பின்னாலிருந்து எழுத்தெழுத்தாகப் போனது. எனக்கு ஒரு மாதிரி. இருக்கட்டும், இவள் போகாமல் இருந்தால் போதும்.

மற்ற வரியில் கை நின்றது. ஒருத்தரையும் விட்டுவிட்டு வரக்கூடாது.

"ராகலையிலருந்து கடைசி வேன விட்டா எப்படி மாமி வர்றது?"

"நடந்துதான்."

அதை வைத்துக்கொண்டாள். கீழே சேர்த்தாள்: கடைசி வேனில் இடம் பிடித்தவர் வராவிட்டால் ஓட்டுநர் அழைத்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கிளம்ப விட வேண்டும்.

முழுவதையும் என்னை வாசிக்கச் சொன்னாள். ஐந்தாம் வகுப்புப் படிப்பு. எழுத்துக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் அரிசி குழைந்துவிட்டது. "நீங்க மெதுவா வாசிச்சாத்தான் எனக்குப் பிழை தெரியுது" என்றாள். புகழ்ச்சியா, குத்தலா?

ஜூலை 14, திங்கள்

தூறல். பூனையை வெளியே பூட்டினாள். என்னையும் ஒரு பார்வை பார்த்தாள்.

வேன் கிளம்பியது! கடைசி வேன் நின்றது, ஆளைத் தேடியது, பிறகு கிளம்பியது. முதலாளி அந்த இடத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னார். ஆளை விட்டுவிட்டுப் போவதால்தான் அவருக்குத் தினமும் சண்டையாம். அடுத்த வேலையும் இவளுக்கே.

கௌ. சுதாவிடம்: "அற வேணாங்க. நீங்க லீவு போட்டு வாங்க."

பாயாசம். பக்கத்து வீட்டுச் சீனி.

"நானே கெடுத்து நானே சரியாக்குனேன் பாத்தியா?"

"நீங்க கெடுத்தது மட்டுந்தான் மாமி."

தேறிவிட்டாள்.

ஜூலை 17, வியாழன்

மஸ்கெலியாப் புடவைக் கடையில் வ.வின் தங்கை மகள் வேலை செய்கிறாள். கௌ. அவளிடம் நம்பர் வாங்கி, அழைத்து, என் காதில் வைத்துவிட்டாள்.

"யாருங்க அது?"

"கொழுந்து நிறுத்தாச்சு. எங்கடி இருக்க?"

அப்புறம் அதே சிரிப்பு. ஒரு கிழமை வந்து எங்களோடு இருக்கச் சொன்னேன். "வந்துருவேன்டி" என்றாள். இதைத்தான் அன்றைக்கும் சொன்னாள். இந்த முறை நானே போய்க் கூட்டி வரப் போகிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

வேனில் இருந்து எழுதுகிறேன். எழுத்து ஆடவில்லை, வேன் நிற்கிறது. ராகலைச் சந்தி. மழை. கௌ. கட்டிய கணக்கில்தான் வேன்கள் இப்போது ஓடுகின்றன. வீடு திரும்ப இரண்டு இடம் பிடித்துக் கொடுத்தாள். ஒன்றில் நான். பக்கத்தில் என் பை.

கடைசி வேன். எல்லோரும் ஏறியாகிவிட்டது. பின்னால் ஒருவர் முணுமுணுக்கிறார். ஓட்டுநர் போனைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார்.

"இன்னும் ஒருத்தர் வரணுமாம். கிளம்ப விடுதில்ல. போன் அடிச்சாலும் எடுக்குறாங்க இல்ல. யாருங்க இந்த வசந்தா?"

"அவ எப்பவும் கடைசிதான் தம்பி. நில்லுங்க."

கண்ணாடியைத் துடைத்தேன். தூரத்தில் ஒரு குடை. ஆடி ஆடி வருகிறது.