மைக் இல்லாத பிளேயர்

செப்டம்பர் 12, செவ்வாய்

கடையில் கூட்டமில்லை. கரமனை அக்ரகாரத்திலிருந்து சீதாலக்ஷ்மி மாமி ஒரு பழைய எம்.பி.3 பிளேயரோடு தம்பானூர்வரை பஸ் ஏறி வந்திருந்தார். மகன் மஹேஷ் காலேஜில் படித்தபோது வாங்கியதாம். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையவில்லை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மற்றதையெல்லாம் பூட்டிவிடும் ஹோல்ட் பொத்தான் தள்ளியிருக்கிறது. பாதிப் பேர் இதற்குத்தான் வருகிறார்கள். கண்ணெதிரே தள்ளிக் காட்டினால் கூலி கேட்க முடியாது. உள்ளே கொண்டுபோய்த் தள்ளிவிட்டு, ஐந்து நிமிஷம் கழித்து வந்தேன்.

மாமி அதோடு விடவில்லை. "இன்னொண்ணும் இருக்கு லிங்கம். பாட்டுக்கு நடுவுல யாரோ ஒரு பொம்மனாட்டி கூப்பிடறா."

ரேடியோ பிடித்திருக்கும் என்றேன். "ரேடியோல 'எந்திச்சு வாங்க'ன்னு கூப்பிடுவாளோ?" என்று கேட்டுவிட்டுப் பிளேயரை வைத்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 13

கேட்டேன். மூன்றாவது பாட்டின் நடுவில்.

"வெள்ளம் வருது… வெள்ளம் வருது, எந்திச்சு வாங்க!"

அப்புறம் அலுமினியப் பாத்திரம் எதுவோ கல்லில் உருளும் சத்தம். அப்புறம் தண்ணீர் இரைச்சல். மொத்தம் இருபத்தொரு நொடி.

யார் வீட்டிலோ குழாயில் தண்ணீர் வந்திருக்கிறது, ரெக்கார்டு பொத்தான் தெரியாமல் அமுங்கியிருக்கிறது. மலையாளத்தான் தண்ணீரை வெள்ளம் என்பான். முப்பது வருஷம் இந்த ஊரில் புழங்கியதில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆகிவிட்டது. என் வீட்டுக்காரி வடிவம்மாள் தினமும் காலையில் என்னை எழுப்புவதே இந்தச் சொல்லை வைத்துத்தான்.

அழித்துவிட்டேன்.

செப்டம்பர் 14

அழியவில்லை. ஊசி வைத்து ரீசெட் செய்தேன். பாட்டையெல்லாம் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்துக்கொண்டு, பிளேயரின் மெனுவிலேயே ஃபார்மேட் போட்டேன். காலியான பிளேயரில் ஒரே ஒரு ஃபைல். இருபத்தொரு நொடி.

செப்டம்பர் 15

மாமி வந்தார். உங்கள் வீட்டுக் குரல்தானே என்று கேட்டேன்.

"எங்காத்துலயா? நாங்க ஜலம்னுதான் சொல்லுவோம். வெள்ளம்னா அது ஆத்துல வரது. நதியச் சொல்றேன். அவ அடங்கற வரைக்கும் அதை என் கையில குடுக்காதீங்கோ."

பாட்டுகளை வேறொரு பிளேயரில் ஏற்றிக் கொடுத்தேன். பழையதை நான் வைத்துக்கொண்டேன். கல்லாற்றுக் கடைக்கு ஆகும். பொன்முடி ஏறப் போகிறவன் எவன் தலையிலாவது கட்டலாம்.

கல்லாற்றுக் கடையைப் பற்றி இதுவரை எழுதவில்லையே. மலையடிவாரத்தில் ஆற்றை ஒட்டி ஒற்றை அறை, அடுத்த மாதம் திறக்கப்போகிறேன். சார்ஜர், இயர்போன், பவர்பேங்க். ஓட்டலில் எச்சில் இலை எடுத்த கையால் சேர்த்ததையெல்லாம் அதில் போட்டாயிற்று. அது ஓடாவிட்டால் ஐம்பத்தாறு வயதில் மறுபடி முதலிலிருந்துதான். நான் சரக்குக்கு அலைவேன், வடிவு கடையில் இருப்பாள். அவள் இல்லாமல் நடக்காது.

செப்டம்பர் 17, ஞாயிறு

பிளேயரைப் பிரித்தேன். பேட்டரி உப்பியிருந்தது, மாற்றினேன். போர்டை லென்ஸ் வைத்து இரண்டு தடவை பார்த்தேன்.

மைக் இல்லை. கழன்று விழவில்லை. இந்த மாடலில் மைக்குக்கு இடமே கிடையாது. ரெக்கார்டு பொத்தானும் இல்லை. அன்றைக்குப் பார்க்காமலே எழுதியிருக்கிறேன்.

அப்போ இந்தக் குரல் எந்த வழியாக உள்ளே போச்சு?

செப்டம்பர் 20

வடிவு கடைக்குச் சோறு கொண்டுவந்தாள். இயர்போனை அவள் காதில் வைத்தேன். கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"இது நான்லா பேசுதேன்! எப்பம் பிடிச்சிய?"

இந்தப் பிளேயர் ஒருநாளும் வீட்டுக்கு வந்ததில்லை.

"முப்பது வருசமாக் கத்துதேன். மிஷின்ல கேட்டாத்தான் ஐயாவுக்கு ஏறும்போல." மறுபடி ஒரு தடவை கேட்டாள். "ஆனா கல்லுல உருளுதே போணி, அந்தப் பாத்திரம் யாருது? நம்ம வீட்ல எல்லாம் பிளாஸ்டிக்லா?"

மைக் இல்லாததைச் சொல்லவில்லை. சொன்னால் கல்லாற்றுக்கு வரமாட்டாள்.

அக்டோபர் 2

கல்லாற்றில் கடை திறந்தாயிற்று. ஆற்றுச் சத்தம் விடாமல் கேட்கிறது. குழாய் கிடையாது, ஆற்றில்தான் கோரவேண்டும். வடிவு பக்கத்துக் கடையில் ஒரு போணி வாங்கினாள். அலுமினியம்.

பிளாஸ்டிக் குடம் இருக்கே என்றேன். என் குரல் எனக்கே சரியாகப் படவில்லை.

"குடம் ஒழுகுது. ஒரு போணிக்கு இம்புட்டு யோசனையா?"

அக்டோபர் 5

பிளேயர் விலைபோகவில்லை. ஒருவர் காதில் வைத்துப் பார்த்துவிட்டு உடனே கீழே வைத்தார். "சேட்டா, இதில் ஆரோ விளிக்குந்நு." யாரோ கூப்பிடுகிறார்களாம்.

தெரியும் ஐயா.

அக்டோபர் 9, திங்கள்

சட்டைப்பையில் இருந்ததால் இந்த நோட்டு மிஞ்சியது.

நேற்றுக் காலை கல்லாற்றில் நல்ல வெயில். மேலே மலை மட்டும் கறுத்துக் கிடந்தது. நான் தரையில் உட்கார்ந்து பெட்டி பிரித்துக்கொண்டிருந்தேன். வடிவு தண்ணீர் கோரப் போயிருந்தாள்.

"வெள்ளம் வருது… வெள்ளம் வருது, எந்திச்சு வாங்க!"

வாரேன் வாரேன் என்று சொல்லிக்கொண்டு கத்திரியைத் தேடினேன். முப்பது வருஷப் பழக்கம். குழாயில் வந்திருக்கும், டிரம்மைக் கொண்டுபோய் வைக்கணும்…

இங்கே ஏது குழாய்?

அப்போது போணி கல்லில் உருண்டது. அதே சத்தம். அதற்கு அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். பெட்டியை அப்படியே போட்டேன். சரக்கை விட்டுவிட்டு ஓடியது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அவள் கரைக்கல்மேல் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஓடியிருக்கலாம். எனக்காக நின்றிருக்கிறாள், பாவி மக. கையைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்தேன். திரும்பிப் பார்த்தால் கடை இருந்த இடத்தில் செங்கலங்கல் தண்ணீர். ஷட்டர், சரக்கு, அந்தப் பிளேயர், ஒன்றும் இல்லை.

ரோட்டில் உட்கார்ந்திருந்தபோது கேட்டாள்: "மிஷின்ல நான் இதையா சொன்னேன்?"

அப்போதுதான் மைக் விஷயத்தைச் சொன்னேன். என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள்.

"தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தியளா?"

தெரியாது என்றேன். அது முழுப் பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

அக்டோபர் 29, ஞாயிறு

தம்பானூரில் மறுபடி முதலிலிருந்து.

காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. வடிவு கூப்பிடவில்லை. மூன்று வாரமாகக் கூப்பிடுவதே இல்லை. பக்கத்தில் வந்து தோளை ஒருமுறை தொடுகிறாள், போய்விடுகிறாள்.

தொட்டதுமே எழுந்துவிடுகிறேன். முன்பெல்லாம் மூன்று தடவையாவது கத்துவாள்.