யன்னல் வெட்டிய வாழ்த்து மட்டை

இன்று முற்பகல் மகளின் வாய்க்குள் விரலை விட்டு, நீ சுருட்டிய கடதாசிப் பூவிதழ் ஒன்றை வெளியே எடுத்தேன்.

தவழத் தொடங்கிவிட்டாள். நிலத்தில் எது கிடந்தாலும் முதலில் வாய்க்குத்தான். நான் சமையலறையில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால் அலுமாரியின் கீழ்க்கதவு திறந்து கிடக்கிறது, உன் வாழ்த்து மட்டை நிலத்தில் கிடக்கிறது, இவள் எதையோ சப்பிக்கொண்டிருக்கிறாள். எனக்கு உயிர் போய் வந்தது. அவள் வீரிட்டு அழ அழ எடுத்துப் பார்த்தேன்: நனைந்துபோன ஒரு மஞ்சள் சுருள். அவளுக்கு ஒன்றுமில்லை. இன்னும் ஏதாவது கிடக்கிறதா என்று அவள் வாயைத் திறந்து திறந்து பார்த்தேன்.

நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். "பசை கோதம்ப மாவில காய்ச்சினதடி. பிள்ளைக்கு ஒருநேரச் சாப்பாடு" என்றிருப்பாய்.

அந்தச் சுருளை ரயிலில்தான் சுருட்டியிருப்பாய். பேக்கரியில் விடியப்புற வேலை முடித்து இங்கே ஹம் நகருக்குத் திரும்பும் ரயிலில், பல்லுக்குத்தும் குச்சியில் மெல்லிய கடதாசிக் கீலங்களைச் சுற்றிச் சுற்றி ஜாம் போத்தலுக்குள் போட்டுக்கொண்டு வருவாய். எதிரே இருப்பவர் உற்றுப் பார்த்தால் அவருக்கும் ஒரு கீலம் நீட்டுவாய். ஸ்டேஷனில் இறங்கினால் நேரே என் வீடு, நாம் வாழ்த்து மட்டை செய்யும் மேசை. வெட்டும் மடிப்பும் என் பொறுப்பு. சுருளும் நூல் தையலும் உன் பொறுப்பு. திறந்ததும் கோபுரம் எழும்பும் கல்யாண மட்டை, பொடி தூவிச் சூடு காட்டிப் புடைக்கவைத்த எழுத்துகள், பூங்காவில் பொறுக்கிய பூக்கள். அந்தப் பூக்களை என் அரிசி மூட்டைக்குக் கீழே வைத்துத்தானே காயவைப்போம். மூட்டை இறங்கிவிட்டால் என் கணவரைக் கூப்பிடுவாய்: "அண்ணை, பூவுக்குப் பாரம் காணாது. ஒரு மூட்டை வாங்கிக்கொண்டு வாங்கோ." நாங்கள் சோறு தின்பதே உன் பூக்களுக்காகத்தான் என்பது போல.

கீழ்வீட்டு ஜெர்மன் அம்மாவை நினைவிருக்கிறதா? அடுத்த நாள் அவருக்குப் பிறந்தநாள். நாங்கள் டுசல்டோர்ஃபில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. முதல்நாளே மட்டையைக் கொடுத்துவிடலாமென்று மணியடித்தோம். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நாளைக்கு, நாளைக்கு, முந்தி வாழ்த்தினால் கெட்டது வரும் என்று முகம் வெளிறிச் சொன்னார். நீ மாடிப்படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "பாத்தியே, இவையளும் எங்கட ஆக்கள்தான்!"

நான் சிரிக்கவில்லை. முதல் பிள்ளை மூன்றாம் மாதத்திலேயே இல்லாமல் போனபிறகு, இரண்டு நாட்டுப் பயமும் எனக்குள் குடிவந்துவிட்டது. இவள் வயிற்றில் இருந்தபோது ஒரு காலுறைகூட நான் வாங்கவில்லை. அப்போதுதான் நீ இந்த மட்டையோடு வந்து நின்றாய். வெள்ளை மட்டை, நடுவில் வட்டமாக வெட்டிய யன்னல், அதைச் சுற்றி மஞ்சள் இதழ்கள்.

"இதை எடுத்துக்கொண்டு போ. பிறக்க முந்தி ஒண்டும் வேண்டாம் எண்டு சொன்னனான்தானே."

"எடியே, இதில பேருமில்லை, முகமுமில்லை. ஓட்டையைச் சுத்திக் கொஞ்சம் கடதாசி, அவ்வளவுதான். முகம் வரட்டும், பிறகு நீயே ஒட்டு."

நீ போனதும் அதை அலுமாரியின் அடித்தட்டில் கவிழ்த்து வைத்தேன்.

கொஞ்ச நாளில் நீ வேலையிடத்திலேயே விழுந்தாய். தலைக்குள் நரம்பு வெடித்ததாம். பிள்ளைத்தாச்சி செத்த வீட்டுக்குப் போகக்கூடாது என்று மாமி இங்கே சொன்னார். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவும் போனில் அதையே சொன்னார். நான் போகவில்லை. நம் மேசையில் தனியே இருந்து ஒரு சாம்பல்நிற மட்டையை மடித்தேன். கை தன்பாட்டில் நடுவில் ஒரு வட்டம் வெட்டியது. எழுத ஒரு சொல்லும் வரவில்லை. கணவர்தான் கொண்டுபோய் உன் கையடியில் வைத்தார். யன்னல் வெறுமையாகவே அது உன்னோடு நெருப்புக்குள் போனது.

இவள் சுகமாகப் பிறந்தாள். டொக்டரும் தாதியும் மாமியும் அப்படித்தான் சொல்கிறார்கள். படம் எடுத்து, பிரதி போட்டு, வட்டமாக வெட்டியும் வைத்துவிட்டேன். ஒட்டத்தான் முடியவில்லை. காய்ச்சல் விடட்டும், அடுத்த தடுப்பூசி முடியட்டும், பல் முளைக்கட்டும் என்று தள்ளித் தள்ளிப் போனது. முகம் வந்தபிறகு ஒட்டு என்றாய். வந்த முகம் இருக்கும் என்று எப்போதிருந்து நம்பலாம் என்று நீ சொல்லவில்லை. உனக்கும் முகம் இருந்தது. மா ஒட்டிய புருவத்தோடு இந்த மேசையில் எனக்கு எதிரேதான் இருந்தது.

அழுது களைத்து இப்போது தூங்குகிறாள். மட்டையை எடுத்துப் பார்த்தேன். இதழ் போன இடத்தில் பசையின் காய்ந்த வளையம். நனைந்த கீலத்தைத் திரும்பச் சுருட்டினேன். நிற்கவில்லை, விரிந்து விரிந்து வந்தது. இனி அது உன் சுருள் ஆகாது. விரிந்தபடியே, இவளுடைய புதுப் பல் பட்ட அடையாளத்தோடு, அந்த இடத்தில் ஒட்டினேன். யோசிக்கும் முன்பே இவளுடைய படத்தையும் எடுத்து யன்னலுக்குப் பின்னால் வைத்து ஒட்டிவிட்டேன். கொஞ்சம் சரிந்துதான் இருக்கிறது. ஒட்டி முடித்ததும் அறைக்குள் போய் இவளுடைய மூச்சைப் பார்த்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். இன்னொரு தடவையும் போனேன். பயம் போகவில்லையடி. போகும் என்றும் தோன்றவில்லை.

பசை காயட்டும் என்று மட்டையை அரிசி மூட்டைக்குக் கீழே வைத்திருக்கிறேன். மூட்டையில் பாதிதான் இருக்கிறது, பாரம் காணாது. அதனால் நிலத்தில் உட்கார்ந்து ஒரு கையால் மூட்டையை அமத்திக்கொண்டு, மற்றக் கையால் உனக்கு இதை எழுதுகிறேன்.