வரிசை வீடும் பவர் பத்திரமும்

நீடாமங்கலம்,
18-2-1973

பினாங்கில் இருக்கும் மருமகன் யூனுஸுக்கு மாமா அப்துல் ஜலீல் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு எல்லோரும் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் குறையவில்லை.

அம்மாவின் ஆறு மா நிலத்தை விற்று, ஸ்டேஷன் பக்கத்து வரிசை வீட்டை வாடகைக்காக வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். போய்ப் பார்த்தேன். எதுவும் விட்டுப்போகாமல் இருக்க இப்படிப் பிரித்துக்கொள்கிறேன்.

1. வீடுகளின் நிலை
2. அடிமனை
3. குடியிருப்பவர்களும் வாடகையும்
4. உன் அம்மாவின் சம்மதம்

முதலாவது. நாட்டு ஓடு வேய்ந்த நான்கு வீடுகள், பொதுக்கிணறு ஒன்று. கடைசி வீட்டின் பின்சுவர் மழையில் ஊறியிருக்கிறது. குடைக்கம்பியால் குத்திப் பார்த்தேன். இரண்டு விரற்கடை உள்ளே போயிற்று. உள்ளேயிருந்து ஓர் அம்மாள், "யாருங்க அது, சொவத்த நோண்டுறது?" என்று கேட்டார். குத்தியிருக்கக் கூடாது.

இரண்டாவது. விற்பது சுவரும் கூரையும் மட்டுமே. மனை ஒரு மடத்துக்குச் சொந்தம். நான் மூன்றாம் முறை கேட்ட பிறகுதான் தரகர் மாரியப்பன் இதைச் சொன்னார். "அது கெடக்குங்க பாய், எங்க தாத்தா காலத்துலேருந்து அப்படித்தான். மடம் என்ன, மண்ணைச் சுருட்டிக்கிட்டா போயிடும்?" என்றார். ஆனால் பெயர் மாற்ற மடத்தின் கடிதம் வேண்டும். மடத்தார் மனை வாடகையையும் கூட்டக்கூடும்.

மூன்றாவது. மூன்று வீட்டார் ஒழுங்காகக் கொடுக்கிறார்கள். இரண்டாம் வீட்டு வீரையன் ரயில்வே போர்ட்டர், சங்கத்து ஆள் என்றார்கள். எனக்குத் தயக்கம். எதிர்க்கடையில் அரைமணி நேரம் நின்றேன். அவரே வந்து, "வெயில்ல நின்னு வீட்டை எண்ணுறீங்களே, நாலுதாங்க. உள்ள வாங்க" என்றார். ஈராண்டாக வீட்டுக்காரர் அவரிடம் வாடகை வாங்க மறுக்கிறாராம். பாக்கி வைத்தவர் என்று காட்டிக் காலிசெய்ய வைக்கும் யோசனை. அவரோ மாதந்தோறும் மணியார்டர் அனுப்பி, திரும்பி வரும் சீட்டுகளைத் தகர டப்பாவில் சேர்க்கிறார். "உழுதவனை வயல்லேருந்து கெளப்ப முடியல. எங்களையும் லேசுல கெளப்ப முடியாதுங்க. அதான் விக்கிறாரு" என்றார்.

நிலம் தொல்லை, வீடு நிம்மதி என்பது உன் கணக்கு. எனக்கு அவ்வளவு உறுதியில்லை. வரி, மனை வாடகை, ஓடு மாற்றும் செலவு போக நூற்றுக்கு ஆறு ரூபாய் நிற்கும். குத்தகை நெல்லும் ஏறக்குறைய அதையே தருகிறது. ஆனால் கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று குத்தகைக்காரர் இளையபெருமாள் இந்த வருஷம் நெல்லைக் குறைத்துத்தான் அளந்தார். வங்கி வட்டியை நீ தொடமாட்டாய். வாடகையானால் மாதாமாதம் அம்மா கைக்குப் பணம் வரும். மடத்துக் கடிதம் கிடைத்து, விலையும் இறங்கினால் வாங்கலாம். பெரிய லாபம் இல்லை. நஷ்டமும் இல்லை என்று நினைக்கிறேன்.

நான்காவது. நிலம் அம்மா பெயரில் இருப்பதால் அவள் சம்மதம் அவசியம். பயிர்செய்யும் இளையபெருமாளே வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். அவரை மீறி வேறு யாரும் வாங்க வரமாட்டார்கள். நீ வீடு வாங்க நினைப்பதை அம்மாவிடம் சொன்னதுமே, "வாங்கட்டும் அண்ணே, சீக்கிரம் வாங்கட்டும்" என்றாள். எனவே முழுச் சம்மதம். வீட்டை உன் பெயரில் பதிய நீ வேலையை விட்டு வர வேண்டியதில்லை. எனக்குப் பவர் பத்திரம் எழுதி அனுப்பினால் போதும். அதன் வாசகத்தைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.

இதுவரை நேற்று எழுதியது. உறையை ஒட்டுமுன் வழக்கம்போல் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பவர் பத்திரம் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "பத்திரம் பதிய அவன் வரணும்ல?" என்று கேட்டாள். பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் எழுத்தராக இருந்த பழக்கத்தில், வர வேண்டாம், அவனுக்காக நான் கையெழுத்துப் போடலாம் என்று விளக்கினேன். "ஒன்பது வருஷம் கழிச்சு, அதுக்காவது வருவான்னு நெனச்சேன்" என்றாள். பிறகு, "நெலம் இருந்துட்டுப் போகட்டும் அண்ணே" என்று எழுந்து போய்விட்டாள்.

இணைத்த தாளை எடுத்துவிட்டேன். உனக்கு எப்போது லீவு கிடைக்கும் என்று எழுது. அல்லாஹ் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். முழுச் சம்மதம் என்று நான்காவதில் எழுதியிருப்பது தவறு.

மாமா,
அப்துல் ஜலீல்