ஒரே அறை, ஒரே டேக்

மார்ச் 3

பிள்ளை தூங்கிவிட்டாள். பாத்திரம் அப்படியே கிடக்கிறது. கிடக்கட்டும்.

ஷெட்டில் இன்று மூன்றாவது பாட்டு முடிந்தது. கார் எங்களிடம் என்றைக்கும் இருந்ததில்லை, ஷெட் மட்டும் வீட்டோடு வந்தது. சுவரெல்லாம் பழைய மெத்தை, நடுவில் டிரம்ஸ், மூலையில் பஞ்சரான என் சைக்கிள். கல்லூரியில் என் பின்னால் சுற்றிய நாளிலிருந்தே என் கணவன் சொல்லிக்கொண்டிருந்த ஆல்பம் இது. பாட்டெல்லாம் எங்களுடையது, புதுசு. சத்தம் மட்டும் எங்கள் அப்பாக்களுக்கு மீசை அரும்பிய காலத்து ராக் சத்தம். கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டக் கூடாது. அவன் கிடார், என் தம்பி டிரம்ஸ், நான் பாட்டு. மூன்று பேரும் ஒரே அறையில், ஒரே டேக்கில், நடுவில் நிறுத்தாமல், டேப் மெஷினில். டிரம்ஸ் சத்தம் வந்து என் மைக்கில் விழுகிறது.

"விழட்டுமே. அந்தக் காலத்துல அப்படித்தான். அந்த அழுக்குதான் அழகு" என்றான்.

"துணி துவைக்கிறவளைக் கேட்டுட்டுச் சொல்லு."

ஒரே அறை என்றால் பிள்ளைக்கும் அதே அறைதான். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. தம்பி அடிக்கிற அடியில் பக்கத்து வீட்டுக் கண்ணாடி அதிரும். நான் பயந்து அவள் காதில் பஞ்சு வைத்து, அதற்கு மேல் குல்லாவும் மாட்டி, சைக்கிள் பக்கத்தில் கூடையில் படுக்க வைக்கிறேன். அசைய மாட்டேன் என்கிறாள். அவள் அழுதால் டேக் போச்சு. இதுவரை ஒரு டேக்கைக்கூடக் கெடுத்ததில்லை. தம்பி அவளுக்குப் புரொடியூசர் என்று பேரே வைத்துவிட்டான்.

"புரொடியூசரம்மா தூங்குறாங்க மாமா. அப்போ டேக் ஓகே!"

"பின்னே? ராக் ரத்தம்டா."

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. காய்ச்சல், எடை, பல் என்று எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவளுக்கு, பயப்படாமல் இருக்க ஒரு விஷயமாவது கிடைத்ததே.

மார்ச் 11

தவழ ஆரம்பித்துவிட்டாள். நேராக ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துப் போகிறாள். ஒயரையெல்லாம் மேலே தூக்கிக் கட்டச் சொன்னேன்.

மார்ச் 19

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மைக்கைத் திருப்பி வைக்கும்போது ஸ்பீக்கர் கத்தியது. சும்மா கத்தல் இல்லை, மண்டைக்குள் ஊசி இறங்குகிற மாதிரி. அவன் கிடாரை விட்டுவிட்டுக் காதைப் பொத்தினான். தம்பி குனிந்தே விட்டான். நான் கூடைக்கு ஓடினேன், அலறப் போகிறாளே என்று.

விழித்துக்கொண்டுதான் இருந்தாள். மேலே ஆடிய ஒயரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கர் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறது. அவள் சிரிக்கிறாள்.

குல்லா கழன்றிருந்தது. பஞ்சு இரண்டும் போர்வைமேல் கிடந்தன. எப்போது விழுந்தனவோ.

இல்லை. இல்லை. நான்தான் எதையாவது நினைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 20

காலையில் அவளுக்குப் பின்னால் நின்று குக்கர் மூடியைக் கீழே போட்டேன். மூன்று தடவை. பிறகு அவனிடம் சொன்னேன்.

"உனக்கு ஏதாவது ஒண்ணு இருந்துக்கிட்டே இருக்கணும். போன மாசம் எடை. இப்போ காதா?"

"நீயே பாரு."

டிரம்ஸிலிருந்து சிம்பல் தட்டைக் கழற்றித் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போய் ஓங்கி அடித்தான். சட்டென்று திரும்பினாள்.

"பாத்தியா! திரும்பினா பாரு! சும்மா பயமுறுத்தாதே!" என்று அவளை அள்ளித் தூக்கித் தட்டாமாலை சுற்றினான். அவன் கண்ணெல்லாம் தண்ணீர்.

ஜன்னல் வெயில் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கையை ஓங்கியபோதே நிழல் அவள் முன்னால் தரையில் விழுந்தது. அவள் திரும்பியது அதற்கு.

சொல்லவில்லை. காது டாக்டரிடம் நாள் வாங்கினேன்.

ஏப்ரல் 2

ஆஸ்பத்திரியில் தலையில் ஒயர் ஒட்டி, தூங்க வைத்து, சோதித்தார்கள். இரண்டு காதும் கேட்காது. கேட்கும் நரம்பே சரியாக வளரவில்லையாம். காதில் மெஷின் வைத்தாலும், ஆபரேஷன் செய்தாலும் பெரிய பலன் இருக்காது என்றார் டாக்டர்.

பிறந்தவுடனேயே இந்தச் சோதனை செய்திருக்க வேண்டும். அன்றைக்கு மெஷின் ரிப்பேர், பிறகு வாருங்கள் என்றார்கள். நாங்கள் போகவில்லை. ஏன் போக வேண்டும்? இடி இடித்தாலும் தூங்குகிற தங்கம் என்று கொஞ்சிக்கொண்டிருந்தோமே.

"வயித்துல இருக்கும்போது நான் தினம் ரிகர்சல் பண்ணினேன் டாக்டர். டிரம்ஸ் பக்கத்துல நின்னு."

"அதனால இல்லம்மா. இது பிறவியிலேயே வர்றது. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல."

ஆனால் அப்படித்தானே எல்லோரிடமும் சொல்வார்கள்?

வரும் வழியெல்லாம் அவன் பஸ் ஹாரன் ஒவ்வொன்றுக்கும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

ஏப்ரல் 3

இன்று பாடாமல் தூங்க வைத்தேன். யாருக்குப் பாட?

ஏப்ரல் 14

கடைசிப் பாட்டு பாக்கி. மெதுவான பாட்டு. அவள் வயிற்றில் இருக்கும்போது நானே மெட்டுப் போட்டது, இத்தனை நாள் அதைப் பாடித்தான் தூங்க வைத்தேன். ஆல்பத்தை முடித்துவிடலாம் என்றான். எதையாவது முடித்தால் மூச்சு வரும் என்று நினைத்தானோ என்னவோ. சரி என்றேன்.

இரண்டாவது சரணத்தில் குரல் உடைந்தது. உடைந்தது என்ன, கிழிந்தே போனது. எப்படியோ கடைசிவரை வந்தேன். அவன் டேப்பை நிறுத்திவிட்டு மெல்லச் சொன்னான், "இதுதான். இதை மறுபடி எடுக்க வேணாம். பழைய ரெக்கார்டுல இந்த மாதிரி ஒரு இடம் வரும், அதுக்காகவே திரும்பத் திரும்பக் கேப்போம்."

அப்போது வந்ததே எனக்கு ஒரு கோபம்.

"என் பிள்ளைக்குக் காது இல்லேன்னு நான் அழுதது உனக்கு நல்ல டேக்கா? அதையும் எக்கோ போட்டு விப்பியா நீ? ஊரெல்லாம் கேக்கட்டும், அவ மட்டும் கேக்க வேணாம், இல்ல?"

தம்பி குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, விடுக்கா" என்றான். நான் விடவில்லை. இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 15

காலையில் ஷெட்டுக்குப் போனேன். அவன் அந்தப் பாட்டை ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டு, அதன்மேல் ஒன்றுமில்லாததைப் பதிவு செய்து அழித்துக்கொண்டிருந்தான். மைக் எதுவும் இல்லை. சக்கரம் இரண்டும் சுற்றுகின்றன, சத்தத்தைக் காட்டும் முள் அசையவில்லை. நான் நிற்பது தெரிந்தும் திரும்பவில்லை.

நிறுத்து என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஜூலை 8

ஆல்பம் வெளியாகிவிட்டது. அழித்த கடைசிப் பாட்டின் இடத்தில், பிறகு அவன் தனியாக வாசித்த கிடார் மட்டும். 'அந்தக் காலத்து அறைக்குள்ளேயே உட்கார்ந்த மாதிரி இருக்கிறது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இன்னொருவர், பாட்டே இல்லாமல் முடித்தது துணிச்சலாம். தம்பி சத்தமாக வாசித்துக் காட்டினான். நாங்கள் இருவரும் கேட்டோம், அவ்வளவுதான்.

சைகை மொழி வகுப்புக்கு நானும் பிள்ளையும் தம்பியும் போகிறோம். தம்பி முதலில் கற்றுக்கொண்டது நாலு கெட்ட வார்த்தை. டீச்சருக்கும் காது கேட்காது. அவன் கை கெட்ட வார்த்தைக்குப் போகும்போதே கண்டுபிடித்து முறைக்கிறார்.

பிள்ளையின் அப்பா மட்டும் வருவதில்லை. வேலை இருக்கிறது என்கிறான். ஷெட்டைப் பூட்டி வைத்திருக்கிறான். அவளிடம் பேசும்போது இப்போதும் குரலை உயர்த்துகிறான், பாவம். தூரத்தில் நிற்கிறவளைக் கூப்பிடுவது போல.

ஆகஸ்ட் 2

'பால்' என்று கை காட்டினாள்! தானாக!

அவனிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். "அப்படியா" என்றான். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டான்.

செப்டம்பர் 21

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

சாயங்காலம் சீக்கிரமே படுக்க வைத்தேன். தட்டிக் கொடுத்தேன், தூங்கவில்லை. எழுந்து உட்கார்ந்து என் முகவாயைத் தட்டினாள். பாலா என்று கேட்டேன், இல்லை. தண்ணீரா, இல்லை. மறுபடி தட்டினாள். அப்புறம் தானே செய்து காட்டினாள். கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயை அகலத் திறந்து, மெல்லக் குவித்து, மறுபடி திறந்து. சத்தமே இல்லை. புருவத்தைக்கூட அந்த மேல் சுரத்துக்கு ஏற்றுவது போல ஏற்றினாள்.

நான்தான் அது. பாடுகிற நான். வகுப்பில் இதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நான் நிறுத்தி ஐந்து மாதமாகிறது, எங்கே வைத்திருந்தாள் இத்தனை நாள்?

பாட்டு என்றால் அவளுக்கு என் முகம். அதைத்தான் நான் நிறுத்திவிட்டிருக்கிறேன், யாருக்குப் பாட என்று கேட்டுக்கொண்டு.

பாடினேன். முதலில் குரலே வரவில்லை, வாய்தான் அசைந்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது, எனக்குத்தான் போதவில்லை. இரண்டாவது சரணம் வருவதற்குள் அறை இருட்டிவிட்டது. அவள் என் மூக்கோடு மூக்கு உரச நெருங்கி வந்து உற்றுப் பார்த்தாள்.

கதவருகில் அவன் நிற்பது அப்போதுதான் தெரிந்தது. எவ்வளவு நேரமாக நின்றானோ. நான் நிறுத்தப் போனேன். வேண்டாம் என்று கையை ஆட்டினான். சத்தமில்லாமல் உள்ளே வந்தான், சத்தமில்லாமல் வரத் தேவையே இல்லை, ஆனாலும் அப்படித்தான் வந்தான். தூங்க வைக்கிற நேரத்தில் யாரும் செய்யாததைச் செய்தான். விளக்கைப் போட்டான். அது போதாதென்று மேஜை விளக்கையும் தூக்கி வந்து, என் முகம் அவளுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.

கடைசி அடி வரை பாடினேன்.